திருஷ்டிக்குத் தொங்கிய ஜப்பான்காரி

ஜப்பானில் பயிற்சி முடிந்து கிளம்பிய அன்று, உடன் வேலை செய்த பெண் ஒரு மர முகமூடியைப் பரிசாகக் கொடுத்தாள். இரண்டு கொம்புகள், காதுவரை கிழிந்த வாய், பொன்னிறப் பற்கள். அவர்கள் ஊர்ப் பழைய நாடகத்தில் அணிந்து ஆடுவது என்றாள். நான் வாகன உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுகிறவள். எனக்கு அதில் பிடித்தது செதுக்கிய கையின் சுத்தம். புது வீட்டு ஹாலில் மாட்டலாம் என்று பெட்டியோடு வைத்திருந்தேன்.

அந்த வீடு அப்போது ஒலக்கூர் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா பிறந்ததிலிருந்து கூரையிலும் தகரத்திலும் இருந்தவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தளம் போடும் வீடு அதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். தவறினால் இன்னொரு மழைக்காலம் தகரத்தின் கீழேதான்.

ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பினால், முகமூடி சாரத்தின் உச்சியில் ரோட்டைப் பார்த்துத் தொங்குகிறது. பக்கத்தில் படிகாரமும் பச்சை மிளகாயும். அப்பாதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"இத்த பாத்தப்புறம் எவன் கண்ணாவது நம்ம வூட்டு மேல நிக்குமா?" என்றார்.

மேஸ்திரிக்கு அதைவிடப் பெருமை. "விழுப்புரம் பூரா தேடுனாலும் இந்த மாரி பீஸ் கெடைக்காது பாப்பா. பஸ்ல போறவன்லாம் திரும்பிப் பாத்துக்கினு போறான்."

நான் மறுக்கவில்லை. முறைக்கிற முகத்துக்கு முறைக்கிற வேலை. பொருத்தமாகத்தான் பட்டது.

தளம் போடுவதற்கு முந்தைய நாள் அந்தத் தோழி வீடியோவில் அழைத்தாள். கட்டிடத்தைக் காட்டினேன். முகமூடியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவர்கள் ஊரிலும் கூரை முனையில் அசுர முகம் வைப்பார்களாம். "ஆனால் இது அசுரன் இல்லை. ஒரு பெண். நம்பியவன் கைவிட்ட துக்கத்தில் கொம்பு முளைத்தவள். நடிகர் தலை குனிந்தால் அழுகிற முகமாகத் தெரியும்" என்றாள்.

பின்னால் நின்ற அம்மா, "இன்னாடி சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து முகமூடியைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவிடம், "இந்தாய்யா, ஏணியப் புடி" என்றாள். ஏறி, கயிற்றை அவிழ்த்து, முகமூடியை இடுப்பில் பிள்ளையைப் போல் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "யக்கா, இன்னா பேஜாரு பண்றீங்க? நாளைக்குத் தளம். திருஷ்டி கட்டாம நான் மிக்ஸர் ஓட்ட மாட்டேன். ஆளுங்க மேல நின்னு வேல செய்யணும்ல."

"அதுக்கு இவதான் கெடச்சாளா? அழுது அழுது கொம்பு மொளச்சவள வெயில்ல தொங்கவுட்டு, போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டிக்கினு கீறோம்."

"கட்டைல செஞ்ச பொம்மடி அது" என்றார் அப்பா.

"கோயில்ல கீற அம்மன் கூடக் கட்டைதான். அவளக் கொண்டாந்து சாரத்துல கட்டுவியா?"

அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். மேஸ்திரி நகரவில்லை, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. மேஸ்திரிக்கு ரோட்டைப் பார்த்து ஒரு பயங்கர முகம் வேண்டும். அம்மாவுக்கு அது பெண்ணாக இருக்கக் கூடாது. எனக்கும் அப்பாவுக்கும் நாளைக்கே தளம் வேண்டும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். கடைத்தெருவில் எல்லோரும் வாங்குகிற, நாக்கைத் துருத்திய மீசைக்கார பொம்மை ஒன்றை வாங்கி வந்தேன்.

மேஸ்திரி அதைப் புரட்டிப் பார்த்தார். "இத்தத்தான் வூட்டுக்கு வூடு கட்டி வெச்சிக்கீறான். ஜனத்துக்குப் பழகிப் போச்சு. இதுக்கு யாரு பயப்படுவான்?"

"மீச கீதில்ல? ஆம்பள. காயட்டும் வெயில்ல" என்றாள் அம்மா.

கம்பி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியும் சிரித்துவிட்டார். மீசைக்காரன் மேலே ஏறினான்.

மறுநாள் மிக்ஸர் காலையிலேயே உறுமத் தொடங்கியது. மேகம் வந்து மிரட்டிவிட்டுப் போனது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தித் தளம் முடிந்தது. அம்மா ஏணியில் பாதிவரை ஏறி, ஈரம் மாறாத சிமெண்டை எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் தகர வீட்டுக்குள் போனால், முகமூடி அடுப்பு மேடைக்கு மேலே இருந்தது. துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள்.

"அம்மா, அவங்க ஊர்ல இது சாமி இல்ல" என்றேன். பரிசு கொடுத்தவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே.

"அவங்க ஊர்ல இல்ல. இங்க வந்துட்டா இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கேப்பை மாவைக் கரைக்க உட்கார்ந்தாள்.

படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். நெற்றியில் சிவப்பாக என்ன என்று கேட்டாள். விளக்கினேன். இன்னும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

அடுத்த வாரம் மேஸ்திரியிடம், புது வீட்டுச் சமையலறைச் சுவரில் கூடுதலாக ஒரு மாடம் வைக்கச் சொன்னேன். எவ்வளவு அகலம் என்று கேட்டார். கொம்போடு சேர்த்து அளந்து சொன்னேன்.