கிராணி தூக்கிப் பார்த்த பவர் பேங்க்

கொர்னேலியஸ் கிராணிக்குத் தன் வலது கை மேல் இருந்த நம்பிக்கை, வேதத்தின் மேல் இருந்ததற்குக் குறைந்ததல்ல. வேதத்திலாவது சில இடங்களில் பாதிரியாரிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார். கையைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மூங்கிலாறு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். மலையிலிருந்து சாக்குகள் இறங்கும். தராசில் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மழை நாளில் இலையோடு ஒட்டி வரும் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்பதை அந்தக் கைதான் தீர்மானிக்கும். தராசு எடையைச் சொல்லும், கை உண்மையைச் சொல்லும் என்பது அவர் கட்சி. கழிபட்டவர்களுக்கு வேறு கருத்து இருந்திருக்கலாம். அதைக் கேட்பதற்குத் தோட்டத்தில் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கையின் புகழுக்கு ஒரு கதை உண்டு. ஒரு நாள் நீலாவதி என்கிற கொழுந்து பறிப்பவளின் சாக்கைத் தூக்கியவர், அதைத் தராசில் மாட்டாமல் கீழே வைத்தார். "நீலாவதி, கொழுந்து நல்லாத்தான் இருக்கு. கல்லுதான் கொஞ்சம் முத்திப்போச்சு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீலாவதி எல்லார் முன்னாலும் சாக்குக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து வெளியே போட்டாள். கிராணி சாக்கைக் கொட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் கதையின் உச்சம். கல்யாண வீடுகளிலும், ஞானஸ்நான விருந்துகளிலும், தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருக்கும்போதும் இந்தக் கதையை அவர் சொன்னார். முதலில் கைக்குள் அடங்கும் கல்லாக இருந்தது, வருடம் போகப்போக அம்மிக்குழவி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பிறகு மின்சாரத் தராசு வந்தது. பங்களாதேஷ் பையன்கள் சாக்கை மாட்டினால் கிலோ கணக்கு நேராக ஆபீஸ் போனுக்குப் போய்விடும். தூக்கிப் பார்க்க ஆள் தேவையில்லை. கொர்னேலியஸை ஆபீசுக்குள் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். வருடக் கடைசியில் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் ஜோனத்தன் கிள்ளானில் பதினோராவது மாடியில் இருக்கிறான், வாங்க வாங்க என்று கூப்பிடுகிறான். மனைவி பவுலின் அந்தப் பேச்சு வந்தாலே வீட்டுக்குப் பின்னால் போய்ச் சௌசௌ கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதினோராவது மாடியில் எதைப் படரவிடுவது என்பது அவள் கேள்வி.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் சிவலிங்கம் அவரைக் கூப்பிட்டார். ஷா ஆலாமில் படித்துவிட்டு வந்தவர். வந்த முதல் நாளே எல்லாரும் தன்னைச் சிவா என்று கூப்பிடலாம் என்றார். எல்லாரும் 'சரிங்க துரை' என்றார்கள்.

"டூரிஸ்டுங்களுக்குன்னு நம்ம கட்டின டீ ஹவுஸ் ஓப்பனிங் வருது மிஸ்டர் கொர்னேலியஸ். பிரிஞ்சாங், தானா ராத்தா ஹோட்டல்காரங்க, டூர் ஏஜெண்டுங்க எல்லாரும் வராங்க. கைல ஒரு கிஃப்ட் குடுக்கணும்."

"நம்ம டீத்தூள் பாக்கெட் குடுத்துடலாம் துரை."

"டீய எல்லா எஸ்டேட்டும்தான் குடுக்கறான். குடிச்சா தீந்துடும். நம்ம லோகோ அவங்க கைலயே சுத்தணும்லா. பவர் பேங்க். பச்ச கலர்ல, ரெண்டு இல ஒரு மொட்டு. நீங்கதான் பாத்து செலக்ட் பண்றீங்க."

"நானா?"

"நிறுக்கற கையிதானே. ஓப்பனிங் நல்லபடியா முடியட்டும், டீ ஹவுஸ்ல உங்களுக்கு ரெண்டு வருஷ காண்ட்ராக்ட் போட்டுடறேன். வீடும் உங்ககிட்டயே இருக்கும்."

கொர்னேலியஸ் வீட்டுக்கு வந்து பவுலினிடம் சொன்னார். அவள் சௌசௌவைப் பறித்துச் சமைத்தாள்.

ஈப்போவிலிருந்து சசிதரன் என்கிற விற்பனைக்காரன் மாதிரிகளோடு வந்தான். இளைஞன், பளபளப்பான சட்டை. மேசையில் நாலைந்து பவர் பேங்குகளை வரிசையாக வைத்தான். எல்லாவற்றிலும் மின்சக்தி அளவு பத்தாயிரம் என்று போட்டிருந்தது. கொர்னேலியஸ் ஒவ்வொன்றாகத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார்.

"எல்லாம் பத்தாயிரம்னு போட்டிருக்க. இது மட்டும் தக்கையா இருக்கே, தம்பி."

"அதான் அங்கிள் நல்லது. புது மாடல், லைட்டா இருக்கும். ரெண்டு தடவ ஃபுல்லா சார்ஜ் ஏத்தும். நானே இதத்தான் வெச்சிருக்கேன்." பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினான்.

அவன் அன்று சொன்னது முழுக்க உண்மை. உண்மைக்கு உலகத்தில் என்ன மரியாதையோ அதுதான் அங்கும் கிடைத்தது.

"சரக்கு இருந்தா கனம் இருக்கும்" என்றார் கொர்னேலியஸ். "இந்தக் கை எத்தன சாக்கு பாத்திருக்கு தெரியுமா?" பிறகு நீலாவதியின் கல் கதையைச் சொன்னார். சசிதரன் பொறுமையாகக் கேட்டான். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டான்: "அப்ப நீங்க உள்ள தொறந்தே பாக்கறதில்லையா அங்கிள்?"

"தொறந்து பாக்கறவனுக்குக் கை எதுக்கு?"

அடுத்த வாரமே சசிதரன் திரும்பி வந்தான். இந்த முறை ஒரே ஒரு மாதிரிதான். "உங்களுக்குன்னே கொண்டாந்தேன்" என்று கையில் வைத்தான். கொர்னேலியஸ் தூக்கினார். அது கையில் இறங்கி உட்கார்ந்தது, மழை படாத நாளில் பறித்த முதல் தரக் கொழுந்தைப் போல. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. குறைவு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கை பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

மாதிரியை வீட்டுக்கு எடுத்து வந்தபோது பவுலின் தன் போனை நீட்டினாள். "ஒரு தடவ சொருகிப் பாத்துடலாங்களே."

"நான் கொழுந்து நிறுத்தப்போ டீ போட்டுக் குடிச்சா பாத்தேன்?"

"ஃபேக்டரியில குடிச்சுப் பாக்கறதுக்கு ஆள் இருந்தாங்க. இதுக்கு யாரு இருக்கா?"

கொர்னேலியஸ் இதைப் பெண்கள் பேசும் பேச்சாக எடுத்துக்கொண்டார். பவுலின் போனைச் சுவரில் இருந்த சொருகியிலேயே மாட்டினாள்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. பனி விலகி மலை தெரிந்தது. வந்தவர்கள் பவர் பேங்கைக் கையில் வாங்கியதும் ஒரு கணம் அதை எடை பார்ப்பதைக் கொர்னேலியஸ் ஓரமாக நின்று கவனித்தார். உலகம் முழுக்கத் தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நிறைவு. மேனேஜர் சிவலிங்கம் பச்சை நிறம் சரியாக வந்ததில் மகிழ்ந்தார். மீந்ததை லைன் வீடுகளில் இருக்கும் பழைய தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரிய மனதோடு சொல்லி, போட்டோவும் எடுக்கச் சொன்னார். பவர் பேங்குகளைக் கொர்னேலியஸ்தான் எடுத்துக் கொடுத்தார். நீலாவதியும் வரிசையில் வந்து வாங்கினாள். போட்டோவில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

பிறகு மழை பிடித்தது. திரிங்காப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனது. மறுநாளும் வரவில்லை. கரண்ட் வந்த பிறகு ஒரு மத்தியானம் நீலாவதி கிராணி வீட்டுக்கு வந்தாள். அவள் மூத்த மகளைக் கட்டிய தர்மேந்திரன் பிரிஞ்சாங்கில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அங்கிருந்து நேராக வருகிறாள். பிளாஸ்டிக் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"கிராணி, தூக்கிப் பாருங்க."

பழக்கம் கேட்குமா. தூக்கினார். "ஏன், நல்ல கனமாத்தானே இருக்கு."

"கனத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. கல்லுதான் கொஞ்சம் முத்திப்போச்சு."

மேல் மூடியை அவள் நகத்தால் நெம்பினாள். ஏற்கெனவே தர்மேந்திரன் திறந்து பார்த்தது, சுலபமாக வந்தது. உள்ளே ஒரு மூலையில் விரல் அளவுக்கு ஒரு பேட்டரி. மிச்ச இடம் முழுக்கப் பசை போட்டு ஒட்டிய இரும்புத் தகடு.

பவுலின் சமையலறை வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், தங்களுக்கென்று வைத்திருந்ததையும் கத்தியையும் கொண்டுவந்து வைத்தாள். அதைக் கொர்னேலியஸே திறந்தார். அங்கேயும் இரும்பு.

"உன் போனு?" என்று நீலாவதியிடம் கேட்டார்.

"ரெண்டு கோடு ஏறிச்சு, செத்துருச்சு. ஈப்போல இருக்க சின்ன மகளுக்குப் போன் பண்ண முடியல. அதுக்கென்ன, கரண்ட் வந்ததும் பேசிக்கிட்டேன்." நீலாவதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் வெச்சது ஒரே ஒரு தடவதான் கிராணி. நீங்க அத எத்தன தடவ சொல்லியிருப்பீங்க."

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இன்னும் சொல்லல. கல்யாணம் ஏதாச்சும் வரட்டும்னு இருக்கேன்."

பவுலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கச் சௌசௌ நாலு பறித்து நீலாவதி பையில் போட்டாள்.

நீலாவதி போன பிறகு கொர்னேலியஸ் தகட்டை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். சசிதரன் இரண்டாவது முறை ஏன் வந்தான், எதைக் கற்றுக்கொண்டு போனான் என்பதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஏமாற்றும் வழியை ஏமாந்தவரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதுவும் காப்பி கொடுத்து. நீலாவதி கல் வைத்ததை அவர் கண்டுபிடித்தார். முப்பது வருடம் தண்ணீருக்கென்று கழித்ததில் அவர் வைத்த கல்லை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

"துரைகிட்ட சொன்னா வீடு போயிடும்" என்றார்.

"நீங்க சொல்லலன்னா நீலாக்கா வாயால போகும். அதுக்கு இது தேவல" என்றாள் பவுலின். சொல்லிவிட்டு அவள் கொடிப் பக்கம் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

ஆகவே கொர்னேலியஸ் மறுநாள் ஆபீசில் மேனேஜர் முன்னால் தகட்டை வைத்து எல்லாவற்றையும் சொன்னதில் நேர்மைக்கு இருந்த பங்கு பாதிதான். மீதி, பயம். ஆனால் சொன்னார். சசிதரனின் போன் எடுக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சிவலிங்கம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணாங்களா?"

"இல்ல துரை."

"பண்ண மாட்டாங்க. சும்மா கெடச்சத யாரு யூஸ் பண்றா? மேசையில கெடக்கும், லோகோ தெரியும், அவ்ளோதான்." தன் போனில் வந்திருந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினார். ஒரு ஹோட்டல்காரர் நன்றி சொல்லியிருந்தார்: கையில் எடுத்தாலே உங்கள் கம்பெனியின் தரம் தெரிகிறது.

"எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிட்டு வேற குடுத்துடலாம் துரை."

"வேண்டவே வேணாம். விஷயம் வெளிய போனா அந்த ஈப்போ பையன் பேரு அதுல இல்ல, நம்ம பேருதான் பிரிண்ட் ஆயிருக்கு."

கொர்னேலியஸ் தயங்கி நின்றார். "தண்ணிக்குக் கழிக்கற மாதிரி, எனக்கும் சம்பளத்துல ஏதாச்சும் கழிச்சுடுங்க. இல்லன்னா சரியா வராது."

சிவலிங்கத்துக்கு இது விளங்கவில்லை. நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். காண்ட்ராக்டை நகர்த்தி வைத்தார். கொர்னேலியஸ் கையெழுத்துப் போட்டார். வீடு தங்கியது. கழித்துப் பழகிய அவர் கை, தனக்கென்று வந்தபோது கழிக்க ஆளில்லாமல் வெளியே வந்தது.

காண்ட்ராக்டில் வேலை என்ன என்பது முதல் நாள்தான் தெரிந்தது. டீ ஹவுஸ் வாசலில் பழைய தராசு தொங்கும். பக்கத்தில் பாய் மேல் இரண்டு சாக்குக் கொழுந்து. ஒன்றில் மட்டும் கல். கிராணி தன் கல் கதையைச் சொல்லிவிட்டு, கையால் தூக்கிப் பார்த்து, கல் எதில் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்ல வேண்டும். அந்தக் கதை மேனேஜருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்லை ஒளித்து வைக்க ஒரு ஆள் வேண்டுமே என்று தேடி, லைனிலிருந்து நீலாவதியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவளுக்கும் சம்பளம் உண்டு.

முதல் பஸ் வந்து இறங்கியது. ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றி நின்றார்கள். கொர்னேலியஸ் கதையைச் சொன்னார். கல் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. கல் வைத்தவள் ஒரே ஒரு தடவைதான் வைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"ம், தூக்குங்க கிராணி" என்றாள் நீலாவதி. "இன்னிக்கு எதுல வெச்சிருக்கேன் சொல்லுங்க பாப்போம்."

அவர் இரண்டு சாக்கையும் தூக்கினார். இடதுதான் என்று கை சந்தேகமில்லாமல் சொன்னது. அவர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு சாக்கின் வாயையும் அவிழ்த்து, பாயில் கொட்டினார்.

கல் இடது சாக்கில்தான் இருந்தது. ஜன்னலிலிருந்து மேனேஜர், தூக்கிச் சொன்னால்தானே பார்க்க நன்றாக இருக்கும் என்று சைகை காட்டினார். கொர்னேலியஸ் அதைப் பார்க்காதவர் போல, சிதறிய கொழுந்தை அள்ளி மறுபடி சாக்கில் போட்டார். நீலாவதி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.