கொட்டாத தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் அரிசிக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்குதான். நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். அதனால் என் பேச்சு பக்கத்து வீட்டு சாரதா அக்காவுக்கு டாக்டர் பேச்சு மாதிரி.

ஒருநாள் அவர் கிழங்கு வெந்த நீரைக் கொட்டப் போனார்.

"கொட்டாதீங்க லா அக்கா. சத்தெல்லாம் அதுலதான் இருக்கு," என்றேன். அரிசிக் கஞ்சி நினைப்பில் சொன்னது.

அடுத்த வாரம் தன் ஐந்து வயது மகள் செல்வியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். குழந்தைக்கு வாந்தி, மூச்சுத்திணறல். டாக்டர் வயிற்றைக் கழுவி, வாந்தியைச் சோதிக்க என்னிடம் அனுப்பினார். அதைக் குப்பியில் ஊற்றி, அமிலம் விட்டு, மேலே மஞ்சள் சோதனைத்தாளைத் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். தாள் மெல்ல மெல்லச் செங்கல் நிறமானது. சயனைடு. அந்த முறை கிடைத்தது கசப்புக் கிழங்கு. விஷம் நீரில் இறங்கியிருக்கிறது.

விஷமுறிவு ஊசிமருந்து தீர்ந்து பல மாதமாகியிருந்தது. நான் வார்டுக்கு ஓடியபோது செல்வியின் முகத்தை மூடிவிட்டார்கள்.

"நீங்க சொன்னதிலேர்ந்து ஒரு சொட்டு கொட்டல தம்பி. கிழங்க நாங்க தின்னுட்டு, சத்துத் தண்ணிய பாப்பாவுக்குத்தான் குடுத்தேன். அப்புறம் ஏன் தம்பி?"

"கிழங்கு கெட்டுப்போச்சுக்கா," என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, சாரதா அக்கா கிழங்கு வெந்த நீரை ஒரு குவளையில் என்னிடம் நீட்டினார். "இனி யாருக்குக் குடுக்கிறது? நீங்க குடிங்க தம்பி."

வாங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். திரும்பினால், அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.