பேறுகாலத்துக்குப் பார்படாஸ்

1994 தை பிறந்ததிலிருந்து அன்னாளுக்கு ஒரே நினைப்புதான். மகள் கிருபாபாய்க்குத் தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மகளோ நர்ஸ் வேலைக்குப் போய், பார்படாஸ் தீவில் கடலோரத்து ஊர் ஒன்றில் கணவனோடு குடியிருந்தாள். அங்கே வெள்ளைக்காரர்கள் பலகையோடு வந்து, அலை மேல் ஏறி நின்று சறுக்குவார்களாம். ராஜபாளையத்தில் அன்னாளோடு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் பெண்கள் மகள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்ட கையோடு அன்னாளக்காவும் பலகையில் ஏறிவிடுவாள் என்று கேலி செய்தார்கள்.

வைகாசியில் பிரசவம். சுக்கும் மிளகும் இடித்து, பேறுகால மருந்து கிண்டி டப்பாவில் அடைத்தாகிவிட்டது.

பங்குனியில் தலையில் இடி விழுந்தது. மதுரை டிக்கெட் ஏஜென்ட் சுந்தரபாண்டியன் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். மகளின் அழைப்புக் கடிதத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் தாயின் பேர் அன்னாள், தாயின் பாஸ்போர்ட்டிலோ வெள்ளைத்தாய். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பழைய ஆதாரம் காட்டாவிட்டால் விசா கிடைக்காது என்றார்.

ரேஷன் கார்டைப் பார்த்துப் பாஸ்போர்ட் படிவம் நிரப்பியது கணவர் நேசையன். கூமாப்பட்டியில் வெள்ளைத்தாயாகப் பிறந்தவள், அவரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி அன்னாள் ஆனாள். கார்டில் மட்டும் பேர் மாறவில்லை. இருபத்தேழு வருஷமாக ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரும் அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"உங்களுக்காகத்தான அந்தப் பேரை விட்டுட்டு வந்தேன். இப்ப அது என் பிள்ளைகிட்ட போகவிடாம மறிச்சுக்கிட்டு நிக்குது."

 ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் நேசையன் சட்டென்று எழுந்தார்.

"இறங்கு ஏட்டி. நீ ஞானஸ்நானம் வாங்குன கோயிலு இங்கதான இருக்கு."

போதகர் கிறிஸ்துராஜ் அந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சொன்னதைக் கேட்டுவிட்டு பீரோவிலிருந்து பழைய பதிவேடுகளை இறக்கினார். 1967-ஆம் வருஷத்துப் பதிவேட்டின் ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. பக்கங்கள் புரளப் புரள அன்னாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

போதகரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"கூமாப்பட்டி சோலைராஜ் மகள் வெள்ளைத்தாய், வயது பத்தொன்பது. இன்று முதல் அன்னாள்."

அன்னாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாகும்வரை அவளோடு பேசாத அப்பாவின் பேரும், அவளுடைய இரண்டு பேர்களும் ஒரே வரியில் இருந்தன. அடக்கிவைத்த அழுகையெல்லாம் பொங்கி வந்தது. அழ அழ நெஞ்சு லேசானது.

போதகர் சான்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் விசா வந்துவிட்டது.

அன்றைக்கே டெலிபோன் பூத்தில் நின்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்து முடித்த கிருபாபாய், ஏர்போர்ட்டில் மருமகன் எந்தப் பேர் எழுதிய அட்டையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"எதைப் பிடிச்சாலும் வாரேன் தாயி. நான் வந்து சேருற வரைக்கும் நீ செத்த பொறுத்துக்கோ, அம்புட்டுத்தான்."