சிவப்பு அட்டை எழுதாத கை

தாட்சாயணியைப் பற்றிச் சத்தியவேட்டில் யாரைக் கேட்டாலும், அவளுக்குக் காலில் சக்கரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கார்களுக்கு ஒயரிங் கட்டித்தரும் கம்பெனியில் ஏழு வருஷமாக நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்தாலும் காபி நின்றுகொண்டுதான். பஸ்ஸில் இடம் கிடைத்தால்கூட இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து யாருக்காவது கொடுத்துவிடுவாள். வாய் பொல்லாத வாய். அடுத்தவர் கஷ்டத்துக்கு அது ஊரையே கூட்டும். சொந்தக் கஷ்டத்துக்குத் திறக்கவே திறக்காது.

அவள் உட்காராததற்குக் காரணம் வீட்டில் படுத்திருந்தது. கணவன் சின்னசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருஷம். செவ்வாயும் வெள்ளியும் திருப்பதியில் டயாலிசிஸ். சிகிச்சைக்குச் செலவில்லை, அரசாங்க அட்டை பார்த்துக்கொள்ளும். போய்வரத்தான் பணம். ஆந்திரா பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்கிறார்கள், சின்னசாமி பெண்ணாகப் பிறக்கவில்லையே. அதுவுமில்லாமல், ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டுத் துவண்டுபோய் எழுகிறவனை, புத்தூர், நாகலாபுரம் என்று நின்று நின்று வரும் பஸ்ஸில் யார் ஏற்றுவது? ரகு என்பவனுடைய வேனில் மூன்று நோயாளிகள் சேர்ந்து போவார்கள். ஆளுக்கு ஐநூறு, டீசல் போடுவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும். போன மழைக்காலத்தில் ரோடு அறுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை டயாலிசிஸ் தள்ளிப்போனது. சின்னசாமி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை பாங்க் நின்றுபோனது. பெயர் வேண்டாம், சின்ன பாங்க். கம்பெனிக்கு ஆள் எடுத்துத்தரும் காண்ட்ராக்டர் நானூறு பேருக்கும் சம்பளக் கணக்கை அதில்தான் திறந்து வைத்திருந்தார். காலையில் டீக்கடையில் பத்து ரூபாய் அனுப்பப் பார்த்தவர்களுக்கு போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஏடிஎம்மில் ஷட்டர். மேலிடத்து உத்தரவால் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது, வியாழக்கிழமை சரியாகும், பொறுத்துக்கொள்ளவும் என்று ஒரு மெசேஜ் வந்தது. பூக்காரம்மாகூட ஸ்கேன் அட்டை மாட்டிய பிறகு வீட்டில் நோட்டு வைத்திருக்கும் வழக்கமே ஜனங்களுக்குப் போய்விட்டது. சம்பளம் போட்டு மூன்றே நாள் ஆகியிருந்தது. பணம் இருந்தது, ஆனால் இல்லை. இந்த எரிச்சலை என்னவென்று சொல்ல?

கம்பெனி கேட்டில் பெண்கள் கூடி நின்றார்கள். பாதிப் பேர் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், அல்லது அங்கிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியவர்கள். ஆந்திரா இலவச பஸ்ஸும் அவர்களுக்குக் கிடையாது. ஆபீஸிலிருந்து பாலசுப்பிரமணியன் சார் இறங்கி வந்து பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், சென்னைக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். பொறுமையை எந்தக் குண்டானில் போட்டு வேகவைப்பது என்று தாட்சாயணி கேட்டாள். அரை மணி நேரம் விடவில்லை. கடைசியில், ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்கும் கேண்டீனில் ஒரு வேளை சாப்பாடு என்று அவர் வாயால் வரவழைத்த பிறகுதான் உள்ளே போனாள். சாயங்காலம் மளிகைக்கடை கங்கையாவைப் பிடித்தாள். அவர் முதலில் கையை விரித்தார், பிறகு கம்பெனி அட்டை நம்பரை எழுதிக்கொண்டு நாலு மூட்டை அரிசி கொடுக்கச் சம்மதித்தார்.

சரி, அரிசி யாருக்கு? அங்கேதான் சிக்கல். யாருக்கு இல்லை என்று கேட்டால் ஒருத்தியும் கை தூக்கவில்லை. எல்லாருக்கும் வெட்கம்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த ஒவ்வொரு ஒயர்க்கட்டிலும் ஓர் அட்டை கட்டுவார்கள். பச்சை என்றால் சரி, போகலாம். மஞ்சள் என்றால் சந்தேகம், பிறகு பார்க்கலாம். சிவப்பு என்றால் தப்பு, உடனே நிறுத்து. அட்டையில் கட்டியவள் பெயர் இருக்காது, நம்பர் மட்டும். டிசைன் மாறியதால் பழைய அட்டைகள் ஒரு பெட்டி நிறைய குப்பைக்குப் போகக் காத்திருந்தன. தாட்சாயணி அதைத் தூக்கிக்கொண்டு கேண்டீனுக்குப் போனாள். கேண்டீன் நடத்துகிற சுந்தரம்மா ரேணிகுண்டாக்காரி, ஐம்பத்தைந்து வயது, தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். இருவரும் கைகழுவும் இடத்தில் ஒரு டப்பாவை வைத்தார்கள். ஷிப்ட் ஏறும்போது ஒவ்வொருத்தியும் ஓர் அட்டை போட வேண்டும். கொடுக்க ஏதாவது இருந்தால் பச்சை, சமாளிக்க முடிந்தால் மஞ்சள், இன்றைக்கே வேண்டுமென்றால் சிவப்பு. பின்னால் லாக்கர் நம்பரும், என்ன என்பதும் எழுத வேண்டும். கொடுக்கிற பொருளைத் தன் லாக்கரில் வைத்துப் பூட்டாமல் விட்டுவிட வேண்டும். கேட்டவளுக்கு அது அவள் லாக்கருக்கே போய்ச் சேரும். எல்லாருமே போடுவதால் யார் எதைப் போட்டாள் என்று தெரியாது. பிரித்துப் படிப்பது இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

செவ்வாய்க்கிழமை டப்பாவை முதல்முறை கவிழ்த்தார்கள். நூற்றுமுப்பது அட்டையில் நாற்பது பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. தாட்சாயணிக்குத் தலைகால் புரியவில்லை. பரவாயில்லையே, நம்ம ஜனம் கெட்டி என்று சுந்தரம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள். அந்தப் பெருமை பத்து மணிவரைதான். ஆறாவது லைனில் மோகனப்ரியா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், திருவள்ளூர்ப் பக்கம், கையில் ஒயரோடு அப்படியே சரிந்தாள். முந்தின நாள் மதியம் கேண்டீனில் சாப்பிட்டது, அதற்குப் பிறகு தண்ணீர்தான். அவளுடைய 64-ஆம் நம்பர் அட்டையைத் தேடி எடுத்தார்கள். மஞ்சள்.

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் சாம்பார் சாதம் உள்ளே போனதும் தாட்சாயணி பிடித்துக்கொண்டாள். "இன்னாமா நீ, துன்றதுக்கு இல்லன்னா செவப்பு போடத் தெரியாதா உனக்கு? அத்தயும் நான் வந்து எழுதித் தரணுமா?"

மோகனப்ரியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "செவப்பு போட்டா லைன் நின்னுடும்க்கா."

உண்மைதான். லைனில் ஒரு சிவப்பு விழுந்தால் பெல்ட் நிற்கும், சூப்பர்வைசர் வருவார், அந்த மாதம் இருபது பேருக்கும் ஊக்கத்தொகை போச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித் தருவது அதுதான்: சிவப்பை மஞ்சளாக்கு, ஷிப்ட் முடிவதற்குள் சத்தமில்லாமல் நீயே சரிசெய். சொல்லித் தந்தவர்களில் முதல் ஆள் தாட்சாயணி. பசியையும் அந்தப் பெண்கள் அப்படியே மஞ்சளாக்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மஞ்சளையெல்லாம் சிவப்பாகப் படிப்பது என்று முடிவானது. மஞ்சள் போட்ட எல்லாருக்கும் இரண்டு கிலோ அரிசி, கொஞ்சம் பருப்பு. பஸ் காசு இல்லாதவர்களுக்குப் பச்சைக்காரிகளின் சில்லறை. ஆனால் எல்லா மஞ்சளும் ஒன்றாகிவிட்டதால், எது நிஜமாக எரிகிறது, எது புகைகிறது என்று தெரியவில்லை. கடைவீதியில் நின்று பெண்களுக்கெல்லாம் அதே பாட்டுப் பாடினாள் தாட்சாயணி: வாயைத் திறந்து கேளுங்கள், கேட்பதில் என்ன குறைச்சல்? பாட்டு நன்றாகத்தான் இருந்தது. சிவப்பு மட்டும் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னசாமியை வேனில் அனுப்பியதுபோக வீட்டில் ஆயிரத்து நூறு இருந்தது. புதன்கிழமை ஒரு மஞ்சள் அட்டையில், குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து என்று எழுதியிருந்தது. பச்சைச் சில்லறை தீர்ந்திருந்தது. நாளைக்குத்தான் பாங்க் திறந்துவிடுமே என்று தாட்சாயணி ஆயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் கொடுத்திருப்பாள், அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை விடிகாலை கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் எல்லார் போனும் ஒன்றாகக் கூவின. மறு அறிவிப்பு வரும்வரை பணம் எடுக்க முடியாது. தாட்சாயணி பர்ஸைத் திறந்து பார்த்தாள். நாளை வெள்ளி. கையில் நூறு ரூபாய். ரகுவுக்கும் அதே பாங்க், கடன் சொல்ல முடியாது, அவனுக்கு டீசல் போட வேண்டும். ஒருவேளை பாங்க் திறக்காவிட்டால் ஆபீஸில் காட்டி முன்பணம் கேட்கலாம் என்று சின்னசாமியின் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து வந்திருந்தாள். பாலசுப்பிரமணியன் சாரின் கதவுவரை போனாள். உள்ளே யாருக்கோ அவர் இல்லை, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிவந்து நோட்டை லாக்கரில் போட்டாள்.

பிறகு டப்பாவுக்கு முன்னால் நின்றாள். சிவப்பு அட்டையை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். பின்னால் வரிசை நின்றது. நாமே சிவப்பு போட்டால் மற்றவர்கள் கதி என்ன என்று ஒரு நினைப்பு. அதெல்லாம் சாக்கு. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். சிவப்பை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்து, 118, அரிசி இரண்டு கிலோ என்று எழுதிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று லைனுக்குப் போனாள்.

அன்று அவள் கட்டிய ஒயர்க்கட்டுகளில் இரண்டு தப்பாகப் போயின. ஏழு வருஷத்தில் நடக்காதது. வேனுக்கு யாரைக் கேட்பது என்று பெயர்களை மனதில் அடுக்குவாள், ஒவ்வொன்றாக அவளே அடித்துவிடுவாள். சின்னசாமி காலையில் கால் வீக்கத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டதை நினைத்தால் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷனுக்கும் வாய் இல்லை. இருவரும் சரியான ஜோடி.

இடைவேளையில் கேண்டீனுக்குப் போனபோது சுந்தரம்மா அடுப்பங்கரைப் பக்கம் கூப்பிட்டாள். கையில் அந்த ஆஸ்பத்திரி நோட்டு.

"பச்சை போட்டவ லாக்கர்ல அரிசி எக்கடே?"

மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டதாக தாட்சாயணி சொன்னாள். சுந்தரம்மா நோட்டைத் திறந்து காட்டினாள். செவ்வாய்க்கு எதிரில் டிக் இருந்தது. நாளைய வெள்ளிக்கு எதிரில் வெற்று இடம்.

"இதையும் மறந்துட்டியா? நாளைக்கு வேனுக்குத் துட்டு எங்க? உன் மொகுடு ஊபிரி மேட்டரு இது, புருஷன் மூச்சு மேட்டரு. அந்தச் சின்னப் பொண்ண அன்னிக்கு இன்னா வாங்கு வாங்கின நீ. இப்போ நீயி?"

தாட்சாயணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானம், பயம், எல்லாம் சேர்ந்துகொண்டு. "கேக்க வரலக்கா," என்றாள். "கொடுத்துக்கினே இருந்துட்டேன். கேக்க வரல."

சுந்தரம்மாவின் மடியில் பணம் இருந்ததோ இல்லையோ, எடுக்கவில்லை. ஒரு சிவப்பு அட்டையைக் கையில் வைத்து, பேனாவையும் கொடுத்தாள். "ராய்," என்றாள், எழுது என்று. நாளொன்றுக்கு இருநூறு அட்டை எழுதுகிற கை அன்று நாலு வார்த்தைக்குத் திணறியது. 118. திருப்பதி வேன். ஐநூறு. நாளை. சுந்தரம்மா அதை மற்ற அட்டைகளோடு கலந்து, எப்போதும்போல ஒவ்வொன்றாக எடுத்தாள். சிவப்பின் முறை வந்தது. மூன்று நாளில் விழுந்த முதல் சிவப்பு. அதற்கு அன்று விழுந்த பச்சைகளைச் சேர்த்தார்கள்: நூறு, ஐம்பது, இருபது, இன்னொரு நூறு. பத்து ரூபாய் நாணயமாக ஒரு பொட்டலம். கடைசி முப்பது கேண்டீன் கல்லாவிலிருந்து. ஐநூறு.

சேர்ந்ததை லாக்கரில் வைக்கப் போகிறவள் மோகனப்ரியா. மயங்கி விழுந்ததிலிருந்து அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு அட்டையோடு பணத்தை வாங்கியவள் நம்பரைப் பார்த்தாள், தாட்சாயணியைப் பார்த்தாள், நேரே லாக்கருக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் சின்னசாமி வேனில் ஏறினான். சில்லறைப் பொட்டலத்தை எண்ணிப் பார்க்காமல் ரகு டாஷ்போர்டில் போட்டுக்கொண்டான். யார் கொடுத்தது என்று சின்னசாமி கேட்டான். கேட்டேன், கொடுத்தார்கள் என்றாள் தாட்சாயணி. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வேன் திரும்பும்வரை.

கம்பெனியில் டப்பாவைக் கவிழ்த்தபோது சுந்தரம்மா "அம்மம்மா" என்றாள். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் பதினொரு சிவப்பு.

யார் சொன்னது, எவள் வாயைத் திறந்தது என்று தாட்சாயணி குதித்தாள். முதல் சிவப்பு போட்ட நூற்றுப்பதினெட்டு யார் நம்பர் என்று லைன் முழுக்க முந்தின நாளே தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. மானம் போயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் சிவப்பைத் திருப்பினாள். 64. ரூம் வாடகை. இன்று சாயந்தரத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். போக இடம் இல்லை.

மூன்று நாளாக அந்தப் பெண் அரிசி வாங்கிக்கொண்டு, லாக்கர் லாக்கராக நடந்துகொண்டு, இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

தாட்சாயணி அட்டையைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். மீதிப் பத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். இடைவேளை முடியும் மணி அடித்தது. "இரு, லைன் நிக்கட்டும்," என்றாள்.