பாதாள ரயிலடி எலிகள்

மகளின் பேறுகாலத்துக்காக மார்த்தாண்டத்திலிருந்து நியூயார்க் போய் ஆறு மாதம் இருந்தேன். மருமகன் பக்கத்து ஊரான கருங்கல்லில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், நம் சந்தைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார். நியூயார்க்கில் எல்லாம் சுத்தம், எல்லாம் ஒழுங்கு என்று எனக்கு முன்கூட்டியே வகுப்பெடுத்திருந்தார்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஒருநாள் என்னையும் மகளையும் பூமிக்கடியில் ஓடும் ரயிலுக்குக் கூட்டிப்போனார். படியிறங்கும்போதே மூத்திர நாற்றம் எதிரே ஏறி வந்தது. தண்டவாளத்தின் நடுவே கறுப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்க, அதன் கரையில் எலிகள். நம் தென்னையில் ஏறி இளங்காயைத் துளைக்கும் எலிக்கு, ஆளைக் கண்டால் ஓட வேண்டும் என்ற மரியாதையாவது உண்டு. இவை கொழுத்துப்போய், பென்ஷன்காரர்களைப் போல உலாத்தின. கோட்டு போட்டவர்கள் யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு பெண் காலை நகர்த்தி ஓர் எலிக்கு வழிவிட்டாள். அப்படியொரு நாகரிகத்தை அன்றுதான் பார்த்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பிள்ளையின் தள்ளுவண்டி. அதனடியில் பால் புட்டி வைத்த பை. சுவரோரமாக வந்த எலி ஒன்று அந்தப் பைக்குள் தலையை விட்டது. செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு போடு போட்டேன். அது உருண்டு தண்டவாளத்தில் விழுந்து ஓடியது. அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எலியை அல்ல, என்னை.

மருமகன் முகம் வெளிறிவிட்டது. "மாமி, இங்க அப்படியெல்லாம் செய்யப்பிடாது. ஆளுவ பாக்குதாவ," என்றார் மெல்ல.

"பிள்ளைக்க பால்ல எலி வாய வைக்கப் போச்சே, அப்ப இந்த ஆளுவ எங்க பாத்துட்டு நின்னாவ?" என்று கேட்டேன்.

மகள் சிரிப்பை மறைக்க, பிள்ளையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் புட்டியைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் மருமகன் என்னை டாக்சியில்தான் கூட்டிப்போனார். என் சௌகரியத்துக்காக அல்ல, என் செருப்புக்குப் பயந்து.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு அமெரிக்கா எப்படி என்று கேட்டார்கள். எலிகளைச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. மகனுக்கு விசா கிடைக்க உபவாசம் இருக்கும் ஒருத்தி, எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும், டாக்டரிடம் காட்டு என்று புத்தி சொன்னாள். சரி என்றேன். மகன் போய்ச் சேர்ந்தால் அவளும் ஒருநாள் போவாள். எல்லாவற்றையும் கண்ணாரக் கண்டுவிட்டுத் திரும்பி வந்து, அங்கே எலியே கிடையாது என்றுதான் சொல்வாள்.