அண்ணியின் கை பட்ட தேன்

தேன் புளித்தால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? தேன் கடைக்காரன் ஒருவன், கடையில் தேன் பிழிய உதவிய, கணவனை இழந்த தன் அண்ணியைச் சொன்னான்.

“உங்க கை ராசி அப்படி அண்ணி. இனிமே கடைப் பக்கம் வராதீங்க.”

தேனீக்கள் ஈரத்தை வற்றவைத்து, தேனடையின் அறைகளை மெழுகால் மூடிய பிறகே தேன் பக்குவமாகும். தண்ணீர் குறைந்த அந்தத் தேனில் கிருமி வளராது. அவனோ அவசரப்பட்டு, மூடாத அடைகளைப் பிழிந்திருந்தான்.

அண்ணி அழவில்லை. எதிரிலேயே கடை போட்டு, மூடிய அடைகளை மட்டும் பிழிந்து விற்றாள். வருடங்கள் போயும் அது புளிக்கவில்லை. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. கடைசியில் அவனும் வந்தான்.

“நாலு பாட்டில் குடுங்க அண்ணி, என் கடையில வெச்சு வித்துக்கறேன்.”

“ஐயோ தம்பி, என் கை பட்டதாச்சே! புளிச்சுடுமே!”

கடையே சிரித்தது.

உங்கள் தெருவிலும் எவனாவது ஒரு பெண்ணின் கைராசியைப் பழித்தால் சும்மா விடாதீர்கள். எல்லார் முன்னாலும் காரணம் கேளுங்கள்.