பின் சீட்டில் விரித்த தாள்

எங்கள் காரில் யாரும் தலை சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாய்த்தால் தலையெண்ணெய் சீட்டில் ஒட்டும். ஆகவே அந்தக் காரில் ஏறியவர்கள் எல்லோரும், மதுரை வரை போனாலும், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாகவே போய் வந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா அதை வாங்கினார். ஜெர்மனிக் கார். சென்னையில் யாரோ மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றது. ஐப்பசி மழை விழுந்தால் மாட்டுவண்டியே அச்சு வரை புதைகிற கரிசல் ஊரில், மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கார் எதற்கு என்று அப்பாவின் முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. வெளியே வெள்ளை. உள்ளே சீட்டு, கதவின் உட்புறம், கை வைக்கும் இடம் எல்லாமே அசல் தோல். அரைத்த சந்தனத்தின் நிறம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்பா கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார். சித்தப்பா முகர்ந்துவிட்டு, "மாட்டுத் தோலாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், அன்றைக்குத் தனக்கு விரதம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

அந்தத் தோலுக்கு எங்கள் ஊரில் எல்லாமே பகை. வெயில் பட்டால் வெடித்துவிடும். கரிசல் தூசி மாவு போல நைசானது. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளும் எப்படியோ புகுந்து, தையல் இடுக்குகளில் கறுப்புக் கோடாக உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் குங்குமம், என் தலையிலிருந்து உதிரும் கனகாம்பரம், அப்பாவின் சட்டையில் இருக்கும் வத்தல் தூள் எல்லாமே கறை. அப்பா கடையிலிருந்து வந்து, குளித்து, வேட்டி மாற்றிய பிறகுதான் காரைத் தொடுவார்.

இத்தனைக்கும் நடுவில் அதைக் காப்பாற்றி வந்தவர் எங்கள் டிரைவர். சேவியர் என்று பெயர். குளத்தூரில் பிறந்தவர். எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். பிள்ளைகள் கிடையாது. நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசைக்குப் போய்விட்டு, போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு கார் ஷெட்டுக்குள் நுழைவார். முதலில் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தையல் தையலாகத் தூசியைத் தட்டுவார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைக்குப் போடும் ஷாம்பு நாலு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியை நனைத்து, ஒரு துளி சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரே திசையில் துடைப்பார். வட்டமாகத் துடைக்கக் கூடாது. உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்த க்ரீம். அதைப் பஞ்சால் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி துடைத்தால் தோல் கன்றுக்குட்டியின் கழுத்து மாதிரி இருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. இந்த வேலையில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. வேலை முடிந்ததும் நான் வெள்ளைக் கைக்குட்டையோடு உள்ளே ஏறி, தையல்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பா எனக்குக் கொடுத்த அதிகாரம் அது. கைக்குட்டையில் கறுப்பு பட்டுவிட்டால் சத்தமாகக் கூப்பிடுவேன். மாமா நெஞ்சில் கை வைத்து, "இன்ஸ்பெக்டரம்மா புடிச்சுட்டாவளே!" என்று பயந்ததுபோல் நடிப்பார். பிறகு மறுபடி துடைப்பார். அவர் நடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். மறுபடி துடைத்தது நடிப்பில்லை என்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் நல்ல மழை. அம்மா சாத்தூரில் சித்தியின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். அத்தையும் குளத்தூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா வழக்கம்போல் வந்தார், துடைத்தார், க்ரீம் தடவினார். அது ஊறும் நேரத்தில், ஷெட்டின் மூலையில் சுருட்டிக் கிடந்த கார் உறையை உலர்த்தலாம் என்று இரண்டு கைகளாலும் அள்ளினார். நான் காருக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கத்தவில்லை. உறையைக் கீழே போட்டுவிட்டு, "பாப்பா, காருக்குள்ள ஏறிக்கோ. கால கீழ வைக்காத" என்றார். நான் ஏறாமல் நின்றதைப் பார்த்து, இடது கையால் என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டார். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பொட்டு ரத்தம். பாம்பு சுவரோரமாகப் போய்த் தண்ணீர் போகும் துவாரத்தில் நுழைந்துவிட்டது.

நான் அலறிய சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். "என்ன பாம்புல?"

"கண்ணாடி விரியன் மொதலாளி. நல்லாப் பாத்துட்டேன்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மாமாவின் முழங்கைக்குக் கீழே கட்டினார். முடிச்சு விழவே இல்லை. மாமாதான் பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து முடித்தார். எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கோவில்பட்டிதான். நல்ல ரோடாக இருந்தால் முக்கால் மணி நேரம்.

"நானே ஓட்டிருதேன் மொதலாளி. இடது கை நல்லாத்தான இருக்கு."

"கிறுக்கால புடிச்சிருக்கு ஒனக்கு? பின்னால ஏறு."

மாமா பின் கதவைத் திறந்தார், ஆனால் ஏறவில்லை. "க்ரீம் இப்பத்தான் போட்டேன். இன்னும் ஊறல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தப் பாலித்தீன் தாள எடுத்தா" என்றார். களத்தில் வத்தலை மழைக்கு மூடும் நீலத் தாள் ஷெட்டின் பரணில் இருந்தது. நான் காரிலிருந்து இறங்கி, ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இழுத்தேன். சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளை நான் விரித்தபோது மாமா, "அந்தப் பக்கத்துல வத்தல் தூள் இருக்கும், திருப்பிப் போடு" என்றார். நான் திருப்பிப் போட்டேன்.

"ஏட்டி, நீயும் ஏறு. அவன் சாயாமப் பிடிச்சுக்கோ" என்றார் அப்பா.

வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பா, எப்போதும் செய்வதுபோல, காரை நத்தையாக இறக்கி ஏற்றினார். "கழுகுமலை முருகா, கழுகுமலை முருகா" என்று அவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. மாமா கடிபட்ட கையைத் துடைக்கிற பனியன் துணியில் சுற்றி, தாளுக்கு நடுவில் மடிமேல் வைத்திருந்தார். கை கதவில் படவில்லை. கார் குலுங்கும்போதுகூட எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பத்து நிமிடம் போயிருக்கும். "பாப்பா, அப்பாவ நிப்பாட்டச் சொல்லு. வாந்தி வருது."

நான் சொன்னேன். அப்பா நிறுத்தினார். மாமா இருந்த இடத்திலிருந்து தலையை நீட்டவில்லை. இறங்கி நாலெட்டுத் தள்ளிப் போய், கதவில் தெறிக்காதபடி குனிந்து வாந்தி எடுத்தார். திரும்பி வந்தபோது இரண்டு காலிலும் கரிசல் அப்பி, பூட்ஸ் போட்டது போல இருந்தது. சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டு, ஒரு வேலிக்கருவைக் குச்சியால் இடது கையைக் கொண்டு மண்ணைச் சுரண்டினார். கரிசலைச் சுரண்டுவது லேசில்லை. அப்பா முன்னாலிருந்து, "சட்டுனு வாலே" என்றார்.

இரண்டாவது தடவை வாந்தியில் சிவப்பு இருந்தது. அவருடைய ஈறுகளிலும் இருந்தது. மூன்றாவது தடவை அவரால் குனிந்து காலைச் சுரண்ட முடியவில்லை. நான் இறங்கினேன். குச்சியால் மண்ணை எடுத்து, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அவருடைய பாதத்தில் ஊற்றிக் கழுவிவிட்டேன். "ஒனக்கெதுக்கு பாப்பா" என்று அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. விரலிடுக்குகள்கூடச் சுத்தமான பிறகுதான் காலை உள்ளே எடுக்கவிட்டேன். இதைவிடப் பெரிய உதவி ஒருவருக்குச் செய்ய முடியும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

நான்காவது தடவை அப்பா இறங்கி வந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அப்பாவின் கண்ணில் தண்ணீர். "ஒண்ணும் ஆவாதுலே, வந்துட்டோம்லா" என்றார். அதை உண்மையாகவே சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கணத்தில் மாமாவைப் பிழைக்க வைக்க அவர் கடையையே எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் "உள்ளயே எடுல, பரவால்ல" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை. பிற்காலத்தில் எத்தனையோ முறை அதை அவருடைய குரலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு லேசான வார்த்தை.

ஐந்தாவது தடவை, கோவில்பட்டிக்குள் நுழையும் இடத்தில், நான் நிப்பாட்டச் சொல்லி அப்பா நிறுத்தினார். மாமா இறங்கவில்லை. வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, எதையோ விழுங்கினார். பிறகு கையை எடுக்காமல், போகலாம் என்று தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் டாக்டர், "எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்று கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அதையும் அப்பா சொன்னார். டாக்டர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். சாயங்காலம் அத்தை வந்து சேர்ந்தாள். என்னைச் சித்தப்பா வந்து கூட்டிப் போனார். மறுநாள் விடியும் முன்பே மாமா இறந்துவிட்டார்.

முன்னமே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? வளர்ந்த பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். விரியன் கடியில் சில பேர் உடனே மருந்து ஏற்றியும் போய்விடுவார்களாம். சில பேருக்கு அரை மணி நேரம்கூட வித்தியாசம் என்றார். நிறுத்தங்களையும், மண் சுரண்டிய நேரத்தையும், தாளை எடுத்த நேரத்தையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளதான் அவன் கூடவே இருந்துச்சு. கால் கழுவிவிட்டுச்சு. பெரிய மனுசி மாதிரி எல்லாம் பாத்துக்கிடுச்சு" என்பார். எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அழுகையாகவும் பெருமையாகவும் இருந்தது.

குளத்தூரில் அடக்கம். நானும் அப்பாவும் காரிலேயே போனோம். பூசை முடிந்து, மண் போட்டுவிட்டு வந்து, பெண்கள் எல்லோரும் அத்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அழுது ஓய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லி, மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். என் தலையைத் தடவினபடியே மெதுவாகக் கேட்டாள்.

"மாமா என்னம்மா சொன்னாவ? என்னயத் தேடுனாவளா?"

"இல்ல அத்தை. வாந்தி வருது, நிப்பாட்டச் சொல்லுன்னு சொன்னாங்க."

"நிப்பாட்டுனீங்களா?"

"நிப்பாட்டுனோம் அத்தை. அஞ்சு தடவ நிப்பாட்டுனோம். மாமா எறங்கிப் போய்த்தான் எடுத்தாங்க. நான் கால் மண்ணயெல்லாம் கழுவிவிட்டேன்." அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதையும் சொன்னேன். "சீட்டுல ஒரு சொட்டுகூடச் சிந்தல அத்தை."

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்த மாதிரி இல்லை. நான் சொன்னது வேறு பாஷை மாதிரி, அதற்கு அர்த்தம் தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போம்மா. அப்பா தேடுவாவ" என்றாள்.

அவளுக்கு அசதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

திரும்பி வரும்போது அப்பா காரை ஓட்டினார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விளாத்திகுளம் தாண்டியதும், அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, அத்தை கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அஞ்சு தடவை நிறுத்தியதைச் சொன்னேன் என்றேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று சொன்னேன் என்றேன்.

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே, விதைத்து முளைக்காத காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. வெகுநேரம் கழித்து இன்னொன்றும் போனது.

அவர் கை என் தலைக்கு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. சொன்னதில் எதையோ விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.